உசுரோட கீற மருந்து

வீடு பார்க்கப் போன எங்களை வீட்டுக்காரம்மா உள்ளே கூப்பிடவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் வெயிலில் நானும் என் கணவரும். எந்த ஊர், என்ன வேலை, வீட்டில் யார் யார் என்று கேள்வி மேல் கேள்வி. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், என் கணவருக்குக் கிண்டியில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை என்று சொன்னேன். அவர் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வேறு எதையோ கேட்க முயல்கிற மாதிரி நின்றார். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து திரும்பிய லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. என் கணவர் தொண்டையைச் செருமினார். உடனே வீட்டுக்காரம்மா ஓரடி பின்னால் போனார்.

"இருமலா?"

"இல்லைங்க, தூசி."

"எத்தினி நாளா கீது?"

"இப்பதாங்க. லாரி போச்சில்ல?"

அவர் நம்பவில்லை. வீட்டில் பூச்சு வேலை பாக்கி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வாங்க என்றார். பூசி வெள்ளையடித்துக் காய்ந்துபோன சுவர் எங்கள் கண்ணெதிரே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய் மறுபடி வெயிலில் நின்றோம். அன்றைக்கு யாரும் செருமவில்லை. சாவி கிடைத்தது.

இது எண்பதுகளின் நடுவில், இரும்புலியூரில். நேரில் அவரை அக்கா என்போம். எங்களுக்குள் பேசும்போது வீட்டுக்காரம்மா. பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் கணவர்கூட "இந்தா" என்பதோடு சரி. பரம்பரையாக அந்த ஊர்க்காரர்கள். நெல் விளைந்த நிலம் பிளாட்டாகி விற்றுப்போக, கணவர் செங்கல், மணல் வியாபாரத்தில் இறங்கியிருந்தார். முன்பக்கம் அவர்கள் வீடு, பக்கவாட்டில் எங்கள் போர்ஷன், பின்னால் கம்பிக் கதவு வைத்த ஒற்றை அறை ஒன்று. ஒரே மகள் கஸ்தூரி.

தாம்பரம் பக்கம் வாடகைக்கு விடுகிறவர்கள் இருமலைக் கவனிப்பது அப்போது அதிசயமில்லை. காசநோய் ஆஸ்பத்திரிக்கு எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் அக்கம்பக்கத்தில் அறை எடுத்துத் தங்குவார்கள். ஆனால் வீட்டுக்காரம்மாவின் பயம் வாடகையோடு நிற்கிற பயம் இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் விரலை நாக்கில் தொட்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தால், முந்தானை நுனியால்தான் வாங்குவார். மின்சார ரயிலில் கம்பியைப் பிடிக்கமாட்டார்; காலை அகட்டி வைத்து, பல்லாவரம் குலுக்கலையும் மீனம்பாக்கம் குலுக்கலையும் உடம்பாலேயே சமாளிப்பார். குடிக்கிற தண்ணீர் கொதித்து, ஆறி, மறுபடியும் ஒரு கொதி வரவேண்டும். தலையணைகளுக்கு மொட்டை மாடியில் தினமும் வெயில். எங்கள் வீட்டில் எத்தனையோ முறை வந்து உட்கார்ந்திருக்கிறார், ஒரு வாய் காப்பி குடித்ததில்லை. கோபித்துக்கொண்டு கேட்டால் சிரிப்பார்.

"உன்ன சொல்லலம்மா. எதுல இன்னா கீதோ, யாருக்குத் தெரியும்?"

எதற்கும் இதைத்தான் சொல்வார். கோயில் தீர்த்தத்துக்கும் இதேதான். உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, பூசாரி திரும்பியதும் தலையில் தடவிக்கொள்வார்.

அவர் நம்பிய ஒன்றும் உண்டு. பிறந்த குழந்தையின் இடது தோளில் போடுகிற காசநோய்த் தடுப்பூசி. எனக்குப் பெண் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று, நிலைப்படிக்கு வெளியே நின்றே குழந்தையைப் பார்த்தார். ஆணா பெண்ணா, யார் ஜாடை என்று எதுவும் கேட்கவில்லை.

"அந்த ஊசி போட்டாச்சா?"

போடவில்லை என்றேன். மறுநாளே சைக்கிள் ரிக்‌ஷா கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ஊசி போட்ட இடம் சில வாரம் கழித்துப் புண்ணாகிச் சீழ் வைத்தபோது நான் அழுதேன். அவர் குழந்தையின் கையைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். "புண்ணு வந்தா நல்லது. மருந்து புடிச்சிகிச்சுன்னு அர்த்தம். இனிமே அதுகிட்ட எந்தக் கிருமியும் வாலாட்டாது." எங்கள் தெருவில் அந்த ஊசிக்கு அவர் கூட்டிப்போகாத குழந்தை இல்லை. சாலையில் விளையாடும் பிள்ளைகளின் சட்டைக் கையை ஒதுக்கித் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பார். தழும்பு இருந்தால் அந்தப் பிள்ளை அதிர்ஷ்டசாலி, அவர் கையால் ஒரு வாழைப்பழம் கிடைக்கும்.

பின்பக்க அறைக்கு ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பையனுக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் இரும்பைத் தேய்க்கிற வேலை. வந்தபோது இல்லாத இருமல், கொஞ்ச நாளில் காலை நேரங்களில் ஆரம்பித்தது. வீட்டுக்காரம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார் என்றே சொல்லலாம். அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச் சளி பரிசோதனை செய்யவைத்தார். ஒன்றுமில்லை, இரும்புத் தூசிதான் என்று சொல்லி அனுப்பினார்கள்.

"இன்னிக்கி ஒண்ணுமில்ல. நாளிக்கி?" என்றார் வீட்டுக்காரம்மா.

அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அவன் மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. நான் நேரிலேயே சண்டை போட்டேன். "பாவம் இல்லையாக்கா? இந்த நிலைமையில எங்க போய் வீடு தேடுவாங்க?"

"பாவந்தாம்மா. நா இல்லன்னா சொல்றேன்? அவன் இருமுனா எனுக்கு நெஞ்சு அடச்சுகினு வருதே, நா இன்னா பண்ணுவேன்?"

கோபத்தோடு சொன்னால் பதிலுக்குக் கோபப்படலாம். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு சொன்னார். செம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை அவரே அலைந்து பிடித்துக் கொடுத்தார். மாட்டு வண்டியில் சாமான் ஏற்றும்போது வேப்பமரத்தடியில் தள்ளி நின்றுகொண்டு, "ஏரிக் காத்து நெஞ்சுக்கு நல்லதுப்பா, ஜன்னலத் தொறந்து வெச்சிக்கோ" என்று சத்தமாகச் சொன்னார். வண்டி போனதும் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார். காய்ந்ததும் இன்னொரு முறை அடித்தார். அதன் பிறகு அந்த அறையை யாருக்கும் விடவில்லை.

கஸ்தூரிக்குக் கல்யாணமாகி, அவளும் செம்பாக்கத்துக்கே போய், மீனா என்று ஒரு பெண்ணும் பிறந்து நான்கு வயதாகியிருந்தபோது, ஒரு காலைவேளையில் துவைக்கிற கல் பக்கம் போனேன். வீட்டுக்காரம்மா தன் பாவாடையை அலசிக்கொண்டிருந்தார். தண்ணீர் சிவப்பாக ஓடியது. மாதவிலக்கு நின்று வருஷக்கணக்கான வயது. என்னைப் பார்த்ததும் வாளியைக் கவிழ்த்துவிட்டார்.

"எத்தனை நாளாக்கா இப்படி?"

"பொங்கலுக்கு முன்னேர்ந்து. கீழ எரிச்சல் இல்ல, வலி இல்ல. ஒண்ணுக்குப் போனா ரத்தமா வருது."

மார்க்கெட் பக்கத்து டாக்டரிடம் காட்டியிருக்கிறார். சிறுநீரில் கிருமி என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். சாப்பிட்டால் நிற்கும், சில வாரத்தில் மறுபடி வரும், மறுபடி மாத்திரை. கிருமி என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டுக்காரம்மாவுக்கு ஒருவிதத்தில் நிம்மதி. பழகிய எதிரி. தண்ணீரைக் கூடுதலாக ஒரு கொதி கொதிக்கவைத்துக் குடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்.

நானும் கஸ்தூரியும் சேர்ந்து அவரை நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீர்ப் பையில் ஒரு கட்டி. குழாய் விட்டு அதைச் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் என்று வந்தது. டாக்டர் சின்ன வயதுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். வீட்டுக்காரம்மாவையே நேராகப் பார்த்துச் சொன்னார். அவர் பதறவில்லை.

"எந்தக் கிருமி டாக்டரே இது?"

"இது கிருமியால வந்ததில்லம்மா."

"கிருமி இல்லாம நோவு எப்படி வரும்?"

"சில கேன்சருக்குக் கிருமி காரணமா இருக்கலாம். ஈரல்ல, கர்ப்பப்பை வாய்ல எல்லாம் சில வைரஸ்னால வருதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. உங்களுக்கு வந்திருக்கறதுக்கு அப்படிச் சொல்ல முடியாது. பீடி சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு அதிகம் வரும். சாயப்பட்டறையில வேலை செஞ்சவங்களுக்கு வரும். உங்களுக்கு ரெண்டும் இல்ல. ஏன் வந்துச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியலம்மா."

வீட்டுக்காரம்மா தன் கைகளைப் புரட்டிப் பார்த்தார். சோப்பிலும் வெந்நீரிலும் தோல் வெளுத்து, விரல் நுனி வெடித்திருந்த கைகள். "அவ்ளோ கழுவுனேனே" என்றார்.

கட்டியை எடுத்தாயிற்று, ஆனால் இந்த வகை திரும்ப முளைக்கும், அதைத் தடுக்க மருந்து இருக்கிறது என்றார் டாக்டர். "உங்களுக்குத் தெரிஞ்ச மருந்துதான். உங்க பேத்திக்குப் பொறந்ததும் கையில போட்டிருப்பாங்களே, டி.பி. தடுப்பூசி? அதே மருந்து. குழாய் வழியா மூத்திரப் பைக்குள்ள விடுவோம். வாரம் ஒரு தடவை, ஆறு வாரம்."

அந்த நாளில் முதல்முறையாக அவர் முகம் தெளிந்தது. "அந்த ஊசியா? அது நல்ல மருந்தாச்சே" என்று கஸ்தூரியைப் பார்த்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் எதையும் அப்படி விடுகிறவர் இல்லை. "அது உள்ள போயி இன்னா பண்ணும்?"

டாக்டர் மறைக்கவில்லை. "அது உயிரோட இருக்கிற கிருமிம்மா. டி.பி. கிருமிக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வெச்சுக்குங்க. மாட்டுக்கு வர்ற வகையை வருஷக்கணக்கா வளர்த்து, நோய் உண்டாக்கற பலம் போனபிறகு மருந்தாக்கியிருக்காங்க. அது உள்ள போனதும் உங்க உடம்பு முழிச்சுக்கும். அதை எதிர்த்துச் சண்டை போடும். அந்தச் சண்டையில கேன்சரும் சேர்ந்து அழியும்."

வீட்டுக்காரம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"பசங்களுக்குப் போட்டதும் அதேதானா?"

"அதேதான்."

"உசுரோடவா?"

"ஆமாம்மா. உயிரோட இருந்தாத்தான் வேலை செய்யும்."

ரயிலில் திரும்பும்போது கம்பியைப் பிடிக்காமல் நின்றபடியே பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். முருகன், ஸ்டெல்லா, கோவாலு பையன், உன் பொண்ணு, என் மீனா. ஊசிக்கு அவர் கூட்டிப்போன பிள்ளைகள். குரோம்பேட்டை தாண்டியும் பெயர்கள் தீரவில்லை. "அத்தினி பேருக்கும் நாந்தானே இட்டுகினு போனேன்?"

"அதனாலதான்க்கா எல்லாம் நல்லா இருக்குதுங்க."

"நல்லாத்தான் கீதுங்க" என்றார். என்னிடம் சொல்கிற மாதிரி இல்லை.

அந்த மருந்து வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கஸ்தூரி காலைப் பிடித்து அழுதாள். அவர் கணவர் லாரி டிரைவர்களை ரோட்டில் நின்று அதட்டுகிறவர்; வீட்டுக்குள் வந்து மனைவிக்கு எதிரில் துண்டை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுபடியும் டாக்டரிடம் போனோம். மருந்து வேண்டாமென்றால் நோய் திரும்ப வந்து ஆழமாகப் போகலாம், அப்போது பையையே எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டு வெளியே ஒரு பை மாட்ட வேண்டிவரும் என்றார். மூத்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிவது. அதைக் கேட்டு வீட்டுக்காரம்மா தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சரி, வுடச் சொல்லு" என்றார். சம்மதம் என்று அதைச் சொல்லமுடியாது. இரண்டு பக்கமும் சுவர் இருக்கிற சந்தில் ஒருவர் நடப்பது மாதிரி.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் லீவு போட்டுக் கூடப் போவேன். மருந்தை உள்ளே விட்ட பிறகு இரண்டு மணி நேரம் அடக்கிவைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் சிறிது, அந்தப் பக்கம் சிறிது, குப்புற, மல்லாக்க என்று புரண்டு படுக்க வேண்டும். மருந்து எல்லா இடமும் படவேண்டுமாம். அடுத்த கட்டிலில் குரோம்பேட்டைப் பெரியவர் ஒருவருக்கும் இதே வைத்தியம். அவர் புரளும்போதெல்லாம் "தோசை மாதிரி திருப்பிப் போடறாங்கம்மா" என்று சிரிப்பார். வீட்டுக்காரம்மா சிரிக்கமாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, தன் வயிற்றுக்குள் ஏதோ நடமாடுவதை உற்றுக் கேட்கிற மாதிரி கிடப்பார். நர்ஸைப் பார்த்து, "மூக்க மூடிக்கோம்மா, கொழந்த குட்டி கீதில்ல உனுக்கு?" என்பார்.

நர்ஸ் பொறுமையாகச் சொல்லி அனுப்பினாள். "இன்னைக்கு ஒரு நாள் பாத்ரூம் போனா பிளீச்சிங் பவுடர் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டுத் தண்ணி ஊத்துங்க. அவ்வளவுதான். பேசினா, தொட்டா, கூடச் சாப்பிட்டா எல்லாம் யாருக்கும் ஒட்டாது."

அவர் காதில் பிளீச்சிங் பவுடர் மட்டும்தான் விழுந்தது. அன்றைக்கே பின்பக்க அறைக்குக் குடிபோய்விட்டார். தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். சாப்பாட்டைக் கம்பிக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு நகர்ந்தால்தான் வந்து எடுப்பார். ரயிலில் முன்பெல்லாம் அடுத்தவர் தும்மினால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். இப்போது தாம்பரத்தில் ஏறியதிலிருந்தே பொத்திக்கொண்டு வந்தார். ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்தபோது, "நீ உக்காரு கண்ணு, எங்கிட்ட வராத" என்று கதவோரம் போய்விட்டார். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப்போனது.

"அக்கா, டாக்டரே சொல்றாரு, யாருக்கும் பரவாதுன்னு."

"டாக்டர் பாத்தாரா? எதுல இன்னா கீதோ."

வாரா வாரம் கஸ்தூரி மீனாவைக் கூட்டிக்கொண்டு வருவாள். குழந்தை நேராகப் பின்பக்கம் ஓடும். கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஆயா, தொற" என்று உலுக்கும். "அங்கியே இரு, அங்கியே இரு" என்று வீட்டுக்காரம்மா சுவரோடு ஒட்டிக்கொள்வார்.

நான்காவது முறை மருந்து ஏற்றிய பிறகு காய்ச்சல் வந்தது. ஒரு நாள் காய்ச்சல் சகஜம், போய்விடும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். இது போகவில்லை. குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சில நாள் பார்த்துவிட்டு டாக்டர் எங்களை வராந்தாவுக்கு அழைத்தார். உள்ளே விட்ட கிருமி ரத்தத்தில் கலந்து உடம்பில் பரவியிருக்கிறது, மிக அபூர்வமாக யாரோ ஒருவருக்கு இப்படி ஆகும், இனி இந்த மருந்து வேண்டாம் என்றார். டி.பி.க்குக் கொடுக்கிற மாத்திரைகளையே மாதக்கணக்கில் இவருக்கும் கொடுக்க வேண்டும் என்றார்.

"இத்தனை பேருக்கு விட்டிருக்கேன். ஒருத்தருக்கும் இப்படி ஆனதில்ல" என்று அவர் சொன்னபோது, சமாதானம் சொல்கிறாரா, எங்களிடமே கேட்கிறாரா என்று புரியவில்லை. எத்தனையோ பேரில் ஒருவருக்கு வருவது, வாழ்நாள் முழுக்க அதற்குப் பயந்த ஒருவரையே தேடி வந்திருக்கிறது. அதற்கு யாரைக் குற்றம் சொல்வது?

உள்ளே போய் நான்தான் சொன்னேன். நான் அப்போதே சொன்னேனே என்று அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எதிர்பார்த்த விருந்தாளி வந்துவிட்டார் என்று கேட்டுக்கொள்கிற மாதிரி, "வந்துடுச்சா" என்றார். அவ்வளவுதான்.

மாத்திரைகளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் கழிவறையிலிருந்து அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால், சிறுநீர் ரத்தச் சிவப்பாக, கொஞ்சம் ஆரஞ்சு கலந்து. டாக்டருக்குப் போன் செய்தேன். அந்தச் சிவப்பு கேப்ஸ்யூலின் நிறம் அப்படித்தான் இறங்கும், பயப்பட வேண்டாம் என்றார். அதைச் சொன்னதும் வீட்டுக்காரம்மா அடங்கினார். பிறகு பார்த்தால் காய்ச்சல் விட்டது, உடம்பு கொஞ்சம் தேறியது, குரலும் வந்தது. பின் அறையிலிருந்தபடியே, மாடியில் தலையணை காயவில்லை என்று கணவரை விரட்டுவார். அந்த மாதங்களில் நாங்கள் ஏறக்குறைய சந்தோஷமாக இருந்தோம்.

கட்டி மறுபடி முளைத்திருக்கிறதா என்று உள்ளே குழாய் விட்டுப் பார்க்கிற பரிசோதனை பாக்கி இருந்தது. காய்ச்சல் அடங்கட்டும் என்று டாக்டர் முதலில் தள்ளிவைத்தார். அடங்கியதும் வீட்டுக்காரம்மா தள்ளிவைத்தார். "மறுக்கா கொழாய் வுட்டு, மறுக்கா உள்ள இன்னாத்த வுடுவானுங்களோ? வேணாம்மா." ஒரு தேதி கொடுத்தால் அன்றைக்குத் தலைவலிக்கும். அடுத்த தேதிக்கு மழை. கஸ்தூரி ஒருமுறை ஆட்டோவையே கொண்டுவந்து நிறுத்தினாள். அவர் கம்பிக் கதவை உள்பக்கம் பூட்டிக்கொண்டார். சிறுநீர் சிவப்பாகவே போனது. கேட்டால் அவரே, "மாத்தர கலருதான்" என்பார். நாங்களும் அதையே சொல்லிக்கொண்டோம்.

மாத்திரை நின்றது. நிறம் நிற்கவில்லை.

இந்த முறை தூக்கிக்கொண்டுதான் போனோம். கட்டி பையின் சுவரைத் தாண்டி வெளியே போயிருந்தது. அறுத்து எடுக்க உடம்பில் தெம்பு இல்லை. டாக்டர் இரண்டு கைகளையும் குவித்து, பை இது, சுவர் இது என்று அவர் கணவருக்குப் பொறுமையாகக் காட்டினார். கணவர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கிருமி காப்பாத்தும்னு சொன்னீங்களே சார்."

"நிறைய பேரைக் காப்பாத்துதுங்க. நான் பொய் சொல்லல" என்றார் டாக்டர். அவர் கண் கலங்கியிருந்தது.

பொய் இல்லை என்பதை நான் வெளியே வந்ததும் பார்த்தேன். வராந்தா பெஞ்சில் அந்தக் குரோம்பேட்டைப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஆறு முறையும் மருந்து ஏற்றிக்கொண்டவர். பரிசோதித்துப் பார்த்ததில் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். பேரனோடு வந்திருந்தார். "உங்க கூட வருவாங்களே ஒரு அம்மா, சிரிக்கவே மாட்டாங்களே, எப்படி இருக்காங்க?" என்று விசாரித்தார். நல்லா இருக்காங்க என்றேன்.

அதன் பிறகு வீட்டுக்காரம்மா ஆஸ்பத்திரிக்கு வர மறுத்துவிட்டார். வலிக்கு மாத்திரை மட்டும். பின் அறையை விட்டு முன்வீட்டுக்கு வரவும் மறுத்துவிட்டார். நான் உள்ளே போய் உடம்பு துடைத்துவிட அனுமதித்தார், அதுவும் முகத்தில் துணி கட்டிக்கொண்டால்தான். ஒரு நாள் மாலை மீனா கம்பிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து ஒரு மணி நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "ஆயா, ஒரே ஒரு தடவ தொற. நான் உன்னத் தொட மாட்டேன்." கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கம்மி, கடைசியில் அம்மாவோடு போனாள். கேட் சாத்துகிற சத்தம் கேட்டபிறகு வீட்டுக்காரம்மா சொன்னார்.

"எனுக்கு ஒரு அக்கா இருந்துச்சு. உனுக்குத் தெரியாது."

பத்து வருஷத்துக்கு மேல் பழகியும் எனக்குத் தெரியாது.

"அதாம்மா என்ன வளத்துச்சு. அம்மா கழனிக்குப் பூடும். சோறு ஊட்டி, தலை வாரி எல்லாம் அதுதான். அதுக்கு டி.பி. வந்துச்சு. அப்பல்லாம் ஏது மருந்து. பின்னாடி மாட்டுக் கொட்டாய்ல பாய் போட்டு வுட்டுட்டாங்க. கிட்டப் போனா கால ஒடச்சிடுவேன்னு அம்மா சொல்லிச்சு. ஒருநாளு வூட்ல யாரும் இல்ல. பாப்பா, கிட்ட வாடி, ஒரே ஒரு தடவ மூஞ்சப் பாத்துக்கறேன்னு கூப்டுச்சு. நா வாசல்லியே நின்னுகினு கீறேன். கூப்டுகினே இருந்துச்சு. நா போவல."

மீனா உட்கார்ந்திருந்த கம்பிக் கதவுப் பக்கம் கையைக் காட்டினார்.

"அன்னிக்கி அது கூப்டுச்சு, பயந்துகினு நா போவல. இன்னிக்கி இது கூப்புடுது, பயந்துகினு நா தொறக்கல. ரெண்டு தடவயும் நாந்தாம்மா."

"இப்ப வேணா கூட்டிட்டு வரேன்க்கா. பஸ் ஸ்டாப்லதான் நிப்பாங்க. ஓடிப்போய்க் கூட்டிட்டு வரேன். உங்ககிட்ட இருந்து அதுக்கு எதுவும் ஒட்டாது. சத்தியமா ஒட்டாது."

என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். நம்பிவிடலாமா என்று ஆசையோடு பார்த்த மாதிரிதான் எனக்குப் பட்டது. பிறகு தலையை மெல்ல ஆட்டினார்.

"வேணாம்மா. கொழந்த."

மழைக்காலம் ஆரம்பிக்கும்போது போய்விட்டார்.

தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். அவர் அதட்டி, ஊசிக்குக் கூட்டிப்போன பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லோரும் வந்தார்கள். ஆனால் பந்தலின் ஓரத்திலேயே நின்றார்கள். கஸ்தூரியின் நாத்தனார் ஒரு தட்டில் டீ கொண்டுவந்தாள். ஒவ்வொருவரும் கையெடுத்து வேண்டாம் என்றார்கள். தட்டு ஒரு சுற்றுச் சுற்றி அப்படியே திரும்பியது. முதலில் எனக்கு விளங்கவில்லை. நாலு வீடு தள்ளி இருக்கும் ஒருத்தி என் காதோடு கேட்டாள்: "டி.பி.யாமே? மாத்திர சாப்பிட்டுகினு தனியா இருந்தாங்களாமே? எங்க பையனச் சின்னதுல அவங்கதான் ஊசிக்கு இட்டுகினு போனாங்க. ஏதாவது டெஸ்ட் எடுக்கணுமா?"

"கேன்சர்க்கா அவங்களுக்கு" என்றேன். "அந்த மாத்திரை வேற எதுக்கோ." வேற எதுக்கு என்று அவள் கேட்கவில்லை. முந்தானையை மட்டும் மூக்குக்கு நகர்த்திக்கொண்டாள்.

வீட்டுக்காரம்மாவின் கணவர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். செங்கல் அடுக்கின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"கேக்கறவங்களுக்கு நா இன்னான்னும்மா சொல்றது?"

"கேன்சர்னு சொல்லுங்கண்ணா."

"சொன்னேன். அப்ப டி.பி. மாத்தர எதுக்குத் துன்னுச்சுன்னு கேக்கறாங்க."

சொல்ல ஆரம்பித்தேன். பையில் கட்டி வந்தது, அதற்கு மருந்தாக ஒரு கிருமியை விட்டார்கள், அது உடம்பில் பரவியது, அதைக் கொல்ல மாத்திரை கொடுத்தார்கள். அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. ஆனாலும் நாளைக்கு யாரிடமாவது ஒப்பிக்கவேண்டும் என்பதுபோல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அதற்குள் பறையடிக்கிறவர்கள் வந்து பந்தல் முனையில் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் சொல்வது அவருக்குக் கேட்கவில்லை. "இன்னாது?" என்று காதில் கை வைத்துக் குனிந்தார். நானும் குரலை உயர்த்தினேன். இன்னும் உயர்த்தினேன். "யாருக்கும் ஒட்டாதுண்ணா, அது சாதாரண டி.பி. இல்ல" என்று தொண்டை கிழியக் கத்தியபோது, அடித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்திவிட்டார்கள்.

பந்தலில் இருந்தவர்கள் காதில் டி.பி. என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. கடைசி வரிசையிலிருந்த பெண்கள் எழுந்து, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார்கள்.